எருமையின் முதல் வசனம்

அன்று படப்பிடிப்புக்கு வந்திருந்தவர்கள்: இயக்குநர் கரடி, சிரிப்பு நடிகர் சேவல், அவரிடம் உதை வாங்கும் எருமை, வேடிக்கை பார்க்க ஆறு ஆடுகள். ஆடுகளுக்குச் சேவல் வீட்டிலிருந்துதான் தழை வந்தது.

பத்துப் படங்களில் வாய் திறக்காமல் உதை வாங்கிய எருமைக்கு அன்றுதான் முதல் வசனம். "நான் கூவினாத்தான் பொழுது விடியும்" என்று சேவல் சொல்ல வேண்டும். "நேத்து நீங்க சளி பிடிச்சுப் படுத்திருந்தீங்க, அப்பவும் விடிஞ்சுதே, அண்ணே" என்று எருமை கேட்க வேண்டும். அசைபோட்டு அசைபோட்டு அதை மனப்பாடம் செய்திருந்தது.

கேமரா ஓடியது. சேவல் தன் வரியைச் சொன்ன கையோடு, மூச்சுக்கூட விடாமல், "டேய் தார் டின்னு! உன்னைப் பார்த்தா விடிஞ்ச பொழுதும் இருட்டிடும்டா!" என்று ஏறி மிதித்தது. ஆடுகள் மென்றபடியே சிரித்தன.

"அண்ணே, எழுதினது..." என்று இழுத்தது கரடி.

"எழுதினதை ஒப்பிக்க நான் எதுக்குய்யா? கிளியைக் கூப்பிடு. எனக்கு அந்தந்த நேரத்துல புதுசா வரும்."

மறுமுறையும் அதே தார் டின்தான் வந்தது. ஆனால் சேவல் மிதிப்பதற்குள் எருமை முந்திக்கொண்டு தன் வசனத்தைச் சொல்லிவிட்டது. ஆடுகள் வாயிலிருந்த தழை கீழே விழச் சிரித்தன.

சேவலின் கொண்டை துடித்தது. "இன்னொரு தடவை எடுய்யா. எனக்கு ஒண்ணு தோணுது."

இந்தத் தடவை அது எருமையைப் பார்த்து, "நேத்து உனக்குச் சளிடா! அப்பவும் விடிஞ்சுதே!" என்றது.

எருமைக்குச் சளி பிடித்தால் விடியலுக்கு என்ன? ஆடுகள் ஒன்றையொன்று பார்த்தன.

"பிரமாதம்! வேற யாருக்கு வரும் இது?" என்று கரடி கைதட்டியது. ஆடுகளும் சிரித்துவைத்தன.

பிறகு கரடி எருமையின் காதருகே வந்து, "உன் வசனத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன் தம்பி" என்றது.

எருமைக்கு மிஞ்சியவை இரண்டே சொற்கள்: "ஆமாம், அண்ணே."