புகை வாடை

"இன்னொரு தடவை தலையை அலசுடி. புகை வாடை இன்னும் போகலை."

"மூணு தடவை சீயக்காய் போட்டாச்சும்மா. இனிமே முடிதான் போகணும்" என்றாள் அம்சவேணி.

தைலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக் கூலிகளுக்கு அம்சவேணி போடும் புகைச் சேமியா என்றால் உயிர். புழுங்கலரிசியை ஊறவைத்து, அரைத்து, வேகவைத்து, மர நாழியில் பிழிவாள். பாதி வருஷம் மழை கொட்டுகிற ஊரில் வெயிலை நம்ப முடியுமா? உமி மூட்டத்துக்கு மேலே பரண் கட்டி, இழைகளை அதில்தான் காயவைப்பாள். வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். ஆனால் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் 'உமி நாத்தம்' என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகளுக்கு வயது இருபத்திரண்டு. இந்த வரனும் தட்டிப்போகக் கூடாது.

சந்தனம்போல மணக்கும் தனாக்காக் கட்டையை உரைத்து மகளின் கன்னத்திலும் கழுத்திலும் அப்பினாள்.

"இப்பத்தான் மணக்குது. சேமியாப் பேச்சை மட்டும் எடுத்தே, தொலைச்சுப்புடுவேன்."

லான்மடாவிலிருந்து டிராமில் வந்து இறங்கினார்கள் மாப்பிள்ளையின் தாய் கனகாம்பாளும் தகப்பனார் ரெங்கசாமியும். கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. கனகாம்பாள் பாயில் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"உமி மூட்டம் போட்ட மாதிரி வாசம் வருதே?"

"பக்கத்து வீட்டுலேர்ந்துங்க" என்றாள் தைலம்மாள் சட்டென்று. "கருப்பையா அண்ணன் மக சேமியா போடுறா. பொழுதன்னிக்கும் புகைதான். சொன்னாக் கேக்குறதில்ல."

அம்சவேணி வாயைத் திறந்தாள். தைலம்மாள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

கனகாம்பாள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"காய்ச்சுப்போயிருக்கே, ஏம்மா?"

"தண்ணி சுமக்குறாள்ல, அதான்" என்று முந்திக்கொண்டாள் தைலம்மாள். "மத்தபடி அடுப்படிப் பக்கமே விட்டதில்லைங்க. செல்லமா வளத்துட்டோம்."

கனகாம்பாள் கையை விட்டுவிட்டாள். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"அந்தக் கருப்பையா நம்ம சனமா?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"ஆமாங்க."

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"எங்கேங்க ஆச்சு? புகையில கெடக்குறவளை யாரு கட்டுவா?"

கனகாம்பாள் எழுந்தாள். பூத்தட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க பொண்ணு தங்கமாத்தான் இருக்கு. ஆனா எம்மவன் படகுத்துறையில அந்தப் புகைச் சேமியாவைத் தின்னுட்டு, கட்டுனா அதைப் போட்ட பொண்ணைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். தரகர் வீட்டை மாத்திச் சொல்லிட்டார் போல."

தைலம்மாள் வாசலுக்கு ஓடி வருவதற்குள், உமியைத் தொட்டே அறியாத கருப்பையா மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க" என்று பூத்தட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.