இரண்டு டிஸ்க்கும் நலம்

டயாலிசிஸ் கூடத்தின் மெஷின்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் பெட்டியில், ஒரே தகவலை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு இரண்டு டிஸ்க்குகள் ஓடின. அதில் ஒன்று சாகக் கிடந்ததால் ஃபயர்வாலே திணறிக்கொண்டிருந்தது. புது டிஸ்க்கோடு ஓடிவந்த திலகவதி, பெட்டியைத் திறந்ததும் கொதித்துப்போனாள். இரண்டு விளக்கும் பச்சை. கண்காணிப்புத் திரையிலும் இரண்டுக்கு நேராக ‘நலம்’.

“எது சாகுதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?”

“சிவப்பப் பார்த்தா நோயாளிங்க பயப்படுறாங்கம்மா. எந்த மெஷினும் கெட்ட சேதி சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். நான் எழுதினதுதான். விருதுகூடக் குடுத்தாங்க,” என்றார் நிர்வாக அதிகாரி குலசேகரன், இன்னொரு சால்வைக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு.

“நல்லத உருவிட்டா ஃபயர்வால் செத்துடும், அத நம்பி ஓடுற மேல பதினோரு டயாலிசிஸ் மெஷினும் நின்னுடும். ரெண்டும் நலம்னு கையெழுத்துப் போட்டவர் நீங்க. நீங்களே ஒண்ண உருவுங்க.”

குலசேகரனின் கை பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வரவில்லை.

எதை உருவினாலும் ஆபத்து என்பதால், திலகவதி மாடியேறிப் போய், நோயாளிகள் எல்லோரையும் மெஷினிலிருந்து கழற்றச் சொன்னாள்.

“எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடணுமேம்மா,” என்றார் முதல் கட்டிலில் இருந்த ஆட்டோக்காரர் சவரிமுத்து.

“நிப்பாட்டுனவர் கீழதாண்ணே நிக்கிறார்.”

“எந்த ரூம்?” என்று கேட்டுக்கொண்டே, பாதி கழுவிய ரத்தத்தோடு எழுந்து செருப்பைத் தேடினார் அவர்.