மலை ஒத்துக்கொள்ளவில்லை

"சாம்சன் சோம்பேறி இல்ல டாக்டரம்மா. அவனுக்கு உடம்புல ஏதோ கோளாறு. பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்" என்றான் வெண்டெல், காளையின் முதுகைத் தட்டியபடி.

கொலராடோ மலையில் அவனுடைய மாட்டுப் பண்ணை. வசந்தத்தில் சமவெளியிலிருந்து வாங்கி வந்த காளை இரும்புக் கூண்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கால்நடை டாக்டர் மாயெஸ்டாஸ் அதன் கழுத்து ரத்தக்குழாய் வழியே இதயத்தைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திவிட்டு, கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மேடு ஏறும்போது மந்தையில கடைசியா வருவான். நாலடி வெச்சா நிப்பான். அது போதாதா?"

அவன் மனைவி கொரின் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்து வெண்டெல் முகம் சுளித்தான்.

"பச்சைத் தண்ணியா ஆறிப்போச்சு. இந்தா இருக்குது வீடு. வழியில யாரோட அரட்டை?"

"வேலிக் கம்பத்தோட."

"அதென்ன, என் பூட்ஸ்? உன்னோடது கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

"இதுதான் லேசா மாட்ட வருது" என்று கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் குழாயை உருவினார். "நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. மலைக்காத்துல ஆக்சிஜன் கம்மி. சில பேருக்கு அதுலயே குழாய் இறுகிடும். அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைச்சுப் போயிடும். இங்கேயே இருந்தா பனிக்காலம் தாண்டமாட்டான்."

"மருந்து?"

"இவனுக்குக் கீழே இறக்குறதுதான் மருந்து. உடனே இறக்கினா பிழைச்சுக்குவான்."

"நாளைக்கே லாரி சொல்லிடுறேன்."

"ஏன் டாக்டர், ஆஸ்துமாவா இருக்கக் கூடாதா?" என்றாள் கொரின்.

வெண்டெல் சிரித்தான். "மாட்டுக்கு ஆஸ்துமாவாம். கேட்டுக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "மனுசங்கள்ல இதை ஆஸ்துமான்னு நினைச்சு ஏமாந்துபோறவங்க உண்டு. ஆனா ஆஸ்துமாவுக்கு உடம்பு வீங்காது. இதயம் களைச்சாத்தான் நீர் கோத்துக்கும். மாட்டுக்கு நெஞ்சுக்கடியில. இதோ பாருங்க."

"மனுசங்களுக்கு?"

"முதல்ல கால்ல."

வெண்டெல் கூண்டைத் திறந்துவிட்டான். "நான் வீக்கமெல்லாம் பார்க்க வேண்டியதில்ல டாக்டரம்மா. மாடு நடக்குறதைப் பார்த்தே சொல்லிடுவேன். கூடவே இருக்குறவனுக்குத் தெரியாமப் போகுமா?"

கொரின் கோட்டுப் பையிலிருந்த ஆஸ்துமா ஸ்ப்ரேயை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் இழுத்து பூட்ஸைக் கழற்றினாள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. காலுறையின் விளிம்பு சதைக்குள் புதைந்து கிடந்தது.

"வெண்டெல், நாளைக்கு வர்ற லாரியில டிரைவர் பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கும்?"