புல்லுக்கு அடியில் குளம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிறுநகரம். நகராட்சி நீச்சல்குளத்தில் கறுப்பர்களும் இறங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட ஓடெஸ்ஸா, பதினெட்டு வருடம் அங்கே வெள்ளையர்களின் துண்டுகளைத் துவைத்தவள். தண்ணீரில் கால் வைக்க மட்டும் அவளுக்கு அனுமதி இருந்ததில்லை. மறுமாதம் ஒரு விடியற்காலையில் தங்கை வெர்லினோடு போனாள். குளத்தை மண்ணால் நிரப்பிப் புல் பதித்திருந்தார்கள்.

“இப்ப யாருக்குமே குளம் இல்ல. சட்டப்படி எல்லாரும் சமம்தான்,” என்றான் காவலாளி.

ஓடெஸ்ஸா நீச்சலுடையோடு புல்வெளியின் நடுவே போய்க் குப்புறப் படுத்தாள். கைகளை வீசி வீசி மெல்ல முன்னே நகர்ந்தாள். பனியில் நனைந்த புல் விலகி வழிவிட்டு, அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. காவலாளி விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை.

வெர்லினுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புல்லின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள்.

“அக்கா, ஆழமா இருக்கா?”

“ஆழம்தான். நான் பிடிச்சுக்கறேன், இறங்கு.”