ஆள் இருக்கும் வீடு

மில்லில் உட்கார்ந்தபடியே வீட்டு ஹாலின் மின்விசிறியை நிறுத்தினான்.

காத்திருந்தான்.

நெல் லாரிகளுக்கு எடை ரசீது அடிக்க வாங்கிய கம்ப்யூட்டர். அவனுக்கோ அது விளையாட்டுச் சாமான். விளக்கு, விசிறி, மிக்ஸி, டிவி என்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்காமல் அதோடு இணைத்திருந்தான். அறுவடை தொடங்கியதிலிருந்து படுக்கையும் மில்லிலேயே. மனைவிக்குப் போன் எதற்கு? அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதுதான் திரையிலேயே தெரிகிறதே.

"இப்பதான் சட்னி அரைக்கிறா" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பான்.

விசிறியை நிறுத்தினால் உடனே போடுவாள். மறுபடி நிறுத்துவான். மறுபடி போடுவாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவனுக்கு அதில்தான் ஆனந்தம்.

லாரி நெரிசலில் ஒரு வாரமாக அவனுக்கு இந்த விளையாட்டுக்கு நேரமில்லை. இன்று நிறுத்தியும் அவள் போடவில்லை.

டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை எடுத்தான்.

வீடு பூட்டியிருந்தது. உள்ளே டிவி பேசிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா போன வாரமே பெட்டியோட கிளம்பிட்டாங்களேண்ணே. லைட்டெல்லாம் எரியவும் நீங்க இருக்கீங்கன்னு நெனச்சோம்."

தன்னிடமிருந்த சாவியால் திறந்தான்.

ஹால் சுவரில் சிவப்புப் பொத்தான் மினுங்கியது. வெளியூர் போகும்போது வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்ட அவனே செய்த ஏற்பாடு. அழுத்தினால் போதும், முந்தைய வாரத்தை வீடு அப்படியே திரும்ப நடத்தும். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவனேதான்.

டிவி அணைந்தது.

அடுக்களையில் விளக்கு எரிந்தது. மிக்ஸி சுற்றியது. அதன் மேல் ஜார் இல்லை.

நின்றது.

அடுக்களை விளக்கு அணைந்து நடைவழி விளக்கு எரிந்தது. அவள் வருகிறாள். அவன் தன்னையறியாமல் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். பட்டப்பகலில், சொந்த வீட்டில் பயமாக இருந்தது.

பொத்தானில் விரலை வைத்தான். அழுத்தி நிறுத்த மனம் வரவில்லை.

பின்னறையில் விளக்கு எரிந்தது.

காலிச் சாக்குகள் போட்டுவைக்கும் அறை. ஒற்றை விளக்கைத் தவிர அங்கே அவன் விளையாட எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் அவன் போவதே இல்லை.

கதவைத் தள்ளினான்.

சாக்குகளை ஒதுக்கி ஒரு பாய் விரித்திருந்தது. ஒரு தலையணை. பக்கத்தில் ஒரு பனையோலை விசிறி. கைபிடிக்கும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

பாயில் உட்கார்ந்தான். புழுங்கியது.

அவள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தான்.

விளக்கு அணைய வெகுநேரம் ஆயிற்று.