திரும்பும் தேதி

"திரும்பி வர்ற டிக்கெட் எங்கே சார்?"

"நான்தான் திரும்பி வரப்போறதில்லையே மேடம்."

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை. தம்பியின் பாஸ்போர்ட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கொடுத்திருக்கிறது வேலை தேடுற விசா. ஆறு மாசம்தான் செல்லும். அதுக்குள்ள அந்த நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு ஒரு டிக்கெட் காட்டணும். இல்லேன்னா அங்கே உள்ளே விடமாட்டாங்க. அடுத்த விமானத்துலயே ஏத்தி அனுப்பிடுவாங்க."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று தைரியம் சொல்லியே பழகியவன். இப்போது தானே மாட்டிக்கொண்டதும் திருதிருவென்று விழித்தான். திங்கட்கிழமை அங்கே அவனுக்கு நேர்முகத் தேர்வு. இந்த விமானத்தை விட்டால் அதுவும் போச்சு. இங்கே பார்த்த வேலையைப் போன வாரமே விட்டாயிற்று. பைக்கை விற்றாயிற்று. வங்கிக் கணக்கைக்கூட நேற்றுதான் பெருமையாக மூடிவிட்டு வந்தான்.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். இருபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு.

"இதையெல்லாம் முன்னாடியே விசாரிக்க மாட்டியாடா? மூணு மாசமா வீடு வீடாப் போய் டாட்டா சொல்ல மட்டும் தெரிஞ்சுது."

"அக்கா, நீ வேற."

"நீ வேற என்ன நீ வேற. மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும், நான் வேனோட வாசல்ல நிக்கணும். உன்னைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? உன் ரூம்ல வேன் டயரையெல்லாம் அடுக்கியாச்சு. இனிமே அங்கே உனக்கு இடம் கிடையாது."

விசா வந்த நாளிலிருந்தே இந்தச் சிடுசிடுப்புதான். நாடு விட்டு நாடு போகிறவனிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசினால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று தம்பிக்கு மனத்தாங்கல். அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது இந்த அக்கா ஒருத்திதான். அவளே இப்படி விரட்டி விரட்டி அனுப்புவது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கவுன்டர் பெண்ணுக்கே பாவமாகப் போய்விட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இது நிறையப் பேர் பண்றதுதான் சார். ரத்து பண்ணினா பணம் முழுசாத் திரும்பக் கிடைக்கிற டிக்கெட் ஒண்ணு இருக்கு. அதோ அந்தக் கோடியில எங்க டிக்கெட் ஆபீஸ். வாங்கிட்டு வந்து காட்டுங்க. அங்கே போய் இறங்கினதும் ரத்து பண்ணிடலாம். ஆனா நாற்பது நிமிஷத்துல கவுன்டரை மூடிடுவோம்."

தம்பி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கார்டு இருந்தது, கணக்குதான் இல்லை.

"நகரு, நான் வாங்கிட்டு வரேன்," என்றாள் அக்கா. "நீ பெட்டியைப் பார்த்துக்கிட்டு இங்கேயே நில்லு."

"அக்கா, ரத்து பண்ற டிக்கெட்டாக் கேட்டு வாங்கு. உன் பணம் உனக்கே வந்துடும்."

"எனக்கும் காது இருக்கு. அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுட்டுத்தானே நிக்கிறேன்."

போனவள் போனவள்தான். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வரிசை கரைந்து, பக்கத்துக் கவுன்டர்களில் விளக்கு அணைந்தது. தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை விட்டுவிட்டு ஓடலாமா என்று அவன் ஒரு காலை எடுத்து வைத்தபோது அக்கா மூச்சிரைக்க வந்து, காகிதத்தைக் கவுன்டர் மேல் வைத்தாள்.

"இந்தாம்மா, ஆறு மாசம் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டிருக்கு. போதுமா?"

"போதும் மேடம்."

பெட்டி உள்ளே போனது. போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. தம்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இவ்வளவு நேரமாக்கா ஒரு டிக்கெட் வாங்க?"

"கூட்டம்டா. சரி, கிளம்பு. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு. எனக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நடந்தாள். கதவு வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று தம்பி காத்திருந்தான். அவள் பார்க்கவில்லை.

சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போய் உட்கார்ந்ததும், அக்காவின் பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ள நினைத்தான். டிக்கெட்டில் அச்சடித்திருந்த எண்ணுக்கு போன் செய்தான். டிக்கெட் ஆபீஸ் பெண்தான் எடுத்தாள்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எங்க அக்கா வந்து ஒரு டிக்கெட் வாங்கினாங்க. நாளைக்கு நான் அதை ரத்து பண்ணணும். எப்படிங்க?"

டிக்கெட் எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள். "மன்னிக்கணும் சார். இதை ரத்து பண்ண முடியாது. தேதியும் மாத்த முடியாது."

"பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்தானே கேட்டாங்க? நீங்க தப்பாக் கொடுத்துட்டீங்க போலிருக்கே."

"இல்ல சார், கூட்டமே இல்லை, நிதானமாத்தான் போட்டேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அஞ்சு நிமிஷத்துல டிக்கெட் ரெடி. மிச்ச நேரமெல்லாம் அவங்க இங்கே உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாங்க. என்ன பண்ணினாலும் ரத்து பண்ண முடியாத டிக்கெட்டாக் கொடும்மா, என் பணம் வீணாயிடுமேன்னாவது அவன் ஒரு தடவை வருவான்னு, அவங்கதான் சார் கேட்டு வாங்கினாங்க."