பிடுங்கின பிளக்

"இது வீடா, இல்ல மாவு மில்லா? காது ரெண்டும் அடைச்சுப் போச்சு!"

மாமியார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் ஹோவென்று இரைந்துகொண்டிருந்தன. ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டியவை. மருமகள் அவற்றைத் தேடிப் பிடித்து வாங்கி, மெமரி கூட்டி, ஒயர் இழுத்து, ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தாள். அந்த மூன்றுக்குள் முப்பது கம்ப்யூட்டர்களின் வேலை நடக்கும். ஒன்று செத்தாலும் அதன் வேலையை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று எங்கே எடுத்துக்கொண்டன? சோதித்துப் பார்த்த இரண்டு தடவையும் அவற்றில் ஓட்டிய வெப்சைட் மொத்தமாகப் படுத்துவிட்டது. நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து, விடிந்ததும் ஒயர்களையெல்லாம் மாற்றிவிட்டாள். திரும்பச் சோதிக்கத்தான் தைரியம் வரவில்லை.

"அத்தை, இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு இன்டர்வியூ. இந்த மெஷினையெல்லாம் ஓட்டிக் காட்டணும். குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருஷமாச்சு. இந்த இன்டர்வியூவையும் விட்டா எவனும் கூப்பிட மாட்டான். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"என்னத்தையோ பண்ணித் தொலை!"

மருமகள் ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, தன் திரையை வீடியோ காலில் காட்டினாள். ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தான் செட் பண்ணியிருக்கீங்க. ஆனா, முறையா ஷட்டவுன் பண்ணிக் காட்ட யாராலயும் முடியும். ஓடிக்கிட்டிருக்கும்போதே ஒண்ணோட பிளக்கைப் பிடுங்கினா, உங்க வெப்சைட் விழாம நிக்குமா?"

அவள் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது... விழாம நிக்கும் சார். ஆனா, இப்ப..."

"ஆனா?"

சட்டென்று திரையில் ஒரு பச்சை விளக்கு சிவப்பானது. முதல் மெஷின் அவுட்!

அடிப்பாவி! கிழவி கையை வைத்துவிட்டாளே! மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெப்சைட் அப்படியே உறைந்து நின்றது. ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷமும் போனது.

அப்புறம் இரண்டாவது மெஷினில் ஜம்மென்று எழுந்தது வெப்சைட்! ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

மேனேஜர் கைதட்டியே விட்டார். "பேசிக்கிட்டிருக்கும்போதே ஆள் வச்சுப் பிடுங்கிட்டீங்களா! இந்தத் துணிச்சல்தாம்மா எங்களுக்கு வேணும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க!"

லேப்டாப்பை மூடியதும் துள்ளிக் குதித்தாள். ஜெயிச்சாச்சு! குதித்து முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டோர் ரூமுக்குப் பாய்ந்தாள். மாமியார் பிளக்கும் கையுமாக நின்றிருந்தாள்.

"என் பொழைப்புல மண்ணள்ளிப் போடப் பார்த்தீங்களே அத்தை! சத்தம் பிடிக்கலைன்னா, இன்டர்வியூ முடியற வரைக்கும்கூடப் பொறுக்க முடியலையா?"

"சத்தத்துக்காகவா பிடுங்கினேன்?" என்றாள் மாமியார். "அந்த ஆளு கேட்டதுக்கு நீ திருதிருன்னு முழிச்சது எனக்கு இங்கே வரைக்கும் தெரிஞ்சுதுடி. நீ கட்டினது நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. உனக்குத்தான் கை வரல. அதான், நான் பிடுங்கினேன்!"